விற்கிற வண்டிக்குச் செய்கிற வேலை

ஒரு நாள் உயிரின் விலை இருநூற்று நாற்பது ரூபாய். யாரோ சொல்லிக் கேட்டதல்ல, பதினான்கு மாதம் வாங்கியவன் சொல்கிறேன். என் மனைவி ரேணுகாம்பாளுக்கு இரண்டு சிறுநீரகமும் படுத்துவிட்டன. திங்களும் வியாழனும் வேலூருக்குப் போய், கையில் ஊசி குத்தி, ரத்தத்தை மிஷினில் விட்டுக் கழுவித் திரும்ப ஏற்ற வேண்டும். ஒரு தடவைக்கு எண்ணூற்று நாற்பது. மூன்றரை நாள் தாங்கும். வகுத்துப் பாருங்கள். மொத்தமாக எடுத்தால் ஏதாவது குறையுமா என்று முதல் மாதமே கவுண்டரில் கேட்டேன். அங்கே இருந்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "அடுத்தது யாரு" என்றார்.

கேட்டதற்கு நான் வெட்கப்படவில்லை. திருவண்ணாமலை சின்னக்கடைத் தெருவில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்களுக்கு நடுவில்தான் நடை பழகினேன். எங்கள் மண்டியில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சரக்கு எத்தனை அவசரமாக வேண்டியிருந்தாலும் முகத்தில் காட்டக் கூடாது. வாசலில் லாரி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாலும், இன்றைக்கு வாங்குகிற உத்தேசமே இல்லை என்பதுபோல் காது குடைந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தேவை தெரிந்துவிட்டால் விலை ஏறிவிடும். அப்படிக் காது குடைந்தே எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை சாப்பிட்டது.

ரேணுகாவுக்கு நோய் வந்தபோதும் அதைத்தான் செய்தேன். ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. வைத்தியச் செலவுக்கு விற்கிறான் என்று தெரிந்தால் மண்டி பாதி விலைக்குப் போகும். அதனால் எனக்கு வியாபாரம் சலித்துவிட்டதாகச் சொல்லி மண்டியை விற்றேன். கிடங்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சொல்லிக் கிடங்கை விற்றேன். ரேணுகாவுக்கு நல்ல காற்று வேண்டுமாம் என்று சொல்லி வீட்டையும் விற்று, வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய வீடு ஒன்றில் வாடகைக்கு வந்தோம். எல்லாமே நல்ல விலைக்குப் போயின. எல்லாமே வேலூருக்குப் போயின.

மிஞ்சியது அறுபத்தொன்பதாம் வருஷத்து அம்பாசிடர். அதை விற்க முடியாத காரணம் ரேணுகாவின் இடது கை. ஊசி குத்துவதற்காக மணிக்கட்டுக்கு மேலே ரத்தக் குழாய்களை ஒன்றோடொன்று இணைத்துத் தைத்திருந்தார்கள். தொட்டால் உள்ளே பூனை உறுமுவதுபோல் அதிரும். அந்தக் கையை யாரும் அழுத்தக் கூடாது, பிடிக்கக் கூடாது. ஒரு தடவை பஸ்ஸில் போனபோது யாரோ ஒருவருடைய டிரங்குப் பெட்டி அதன்மேல் சாய்ந்து, உறுமல் நின்றுபோய், மறுபடி அறுத்துத் தைக்க எட்டாயிரம் ஆனது. அதிலிருந்து எங்களுக்கு பஸ் கிடையாது.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் மே மாதம், கத்திரி வெயில். வியாழக்கிழமை வேலூர் போய்த் திரும்பி வந்தோம். வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் வண்டிக்கு அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. காக்கை ஒன்று அதைக் குடித்துக்கொண்டிருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டேன். விரல் நனையவில்லை. அடுத்த முறை வேலூரில் எங்களுக்கு நேரம் திங்கட்கிழமை காலை பத்து மணி. அந்தத் திங்கள் சித்ரா பௌர்ணமி. கிரிவலம் சுற்ற நாலு திசையிலிருந்தும் ஜனம் வந்து இறங்கும் நாள். ஊரில் உள்ள வாடகைக் கார் அத்தனையும் போன மாதமே பேசி முடித்திருந்தார்கள். ஒருவன் மட்டும் வருகிறேன் என்றான். வேலூர் போய்வர இரண்டாயிரம் கேட்டான். என்னிடம் அந்த வாரத்துக்கு இருந்தது இரண்டாயிரத்து அறுநூறு. அதில் ஆயிரத்து அறுநூற்று எண்பது மிஷினுக்கு, மிச்சம் பெட்ரோலுக்கும் மாத்திரைக்கும்.

சரி, நாமே பார்த்துவிடலாம் என்று சட்டையைக் கழற்றினேன்.

ரேணுகா நாற்காலியை வாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முகம் உப்பியிருந்தது, கால் அதைவிட. வாய் மட்டும் எப்போதும்போல்.

"என்னங்க, வண்டிக்கு அடியில தூங்கிட்டீங்களா?"

"ஒழுகுற எடம் தேடறேன்."

"கெடைச்சா எனக்கும் சொல்லுங்க. ஒழுக எடமில்லாமதான நான் வேலூர் போறேன்."

எட்டு மாதமாக அவளுக்குச் சிறுநீர் பிரியவில்லை. குடித்ததெல்லாம் உடம்பிலேயே நிற்கும். நின்று நின்று நுரையீரலுக்கு ஏறிவிடும் என்று பயம். அதனால் ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் அனுமதி. மாத்திரை விழுங்குகிற தண்ணீர், காபி, ரசம் எல்லாம் அதற்குள் அடக்கம். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைத்துக்கொள்வாள். கத்திரி வெயிலில் அந்தப் பாட்டிலை அவள் பார்க்கிற பார்வையை நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

லாரிக்காரர்கள் செய்கிற வைத்தியம் ஒன்று எனக்குத் தெரியும். ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றினால் தூள் போய்ச் சின்னச் சின்ன ஓட்டைகளில் அடைத்துக்கொள்ளும். சமையலறையிலிருந்து டப்பாவை எடுத்துவந்து பாதியைக் கொட்டினேன்.

"முப்பது வயசுலதான் வயசுக்கு வந்துச்சா உங்க பொண்ணு? மஞ்ச நீராட்டு நடக்குது" என்றாள் ரேணுகா. "யாரு மாமன் சீர் செய்யறது?"

"நீ செய்யி. உன் நகைதான் பாக்கி."

"அது போன வருஷமே வேலூர் மாமன் வாங்கிட்டானே."

இஞ்சினை ஓட விட்டேன். கால் மணி நேரத்தில் மஞ்சள் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. முன்னே இரண்டு இடத்தில் ஒழுகியது இப்போது ஐந்து இடத்தில் ஒழுகியது. நிறம் இருந்ததால் எங்கெங்கே என்று தெரிந்ததுதான் லாபம்.

அன்றைக்குச் சாயங்காலம் வரை ஆனது ரேடியேட்டரைக் கழற்ற. அடியில் இருக்கும் குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்தேன். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ரப்பர் ஹோஸ். முப்பது வருஷத்து வெயிலில் ரப்பர் கல்லாகியிருந்தது. அதைப் பிடித்திருக்கும் பட்டையின் திருகு துருப்பிடித்துச் சுற்ற மறுத்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊறப்போட்டு, தட்டி, கெஞ்சி, விரல் முட்டியில் தோல் உரிந்த பிறகுதான் அசைந்தது. பக்கத்துக்கு இரண்டு போல்ட். அதையும் எடுத்த பிறகு ரேடியேட்டர் ஒரு பெரிய புத்தகம்போல் மேலே வந்தது. இரண்டு வாயிலும் துணியை அடைத்து, சிமெண்டுத் தொட்டியில் முக்கி, மேலே நீட்டிக்கொண்டிருந்த சின்னக் குழாயில் வாய் வைத்து ஊதினேன். குமிழிகள் வந்தன. ஒன்று, இரண்டு, ஏழு, பன்னிரண்டு. அப்புறம் எண்ணவில்லை. சாதம் கொதிக்கிற மாதிரி வந்தன.

"ஊதுறத நிறுத்துங்க. உங்க மூச்சாச்சும் மிஞ்சட்டும்" என்றாள்.

சனிக்கிழமை காலை அதை ஒரு சாக்கில் சுற்றி ஆட்டோவில் போட்டுக்கொண்டு அவலூர்பேட்டை ரோட்டுக்குப் போனேன். அங்கே தகரக் கொட்டகையில் அப்பாசாமி என்று ஒருவர் ரேடியேட்டருக்கு ஈயம் பற்றவைக்கிறார். நாற்பத்தைந்து வயது, முழங்கை வரை தீக்காயத் தழும்பு. மண்டி நாளிலிருந்தே முகப் பழக்கம்.

"வாங்க மொதலாளி. எங்க, ரொம்ப நாளா ஆளக் காணோம்? வேங்கிக்கால் பக்கம் பங்களா கட்டிட்டீங்கன்னாங்க."

"பங்களாவா. கலெக்டருக்குப் பக்கத்து வீடு, அவ்ளோதான்."

சிரித்தார். ரேடியேட்டரை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். ஸ்குரூடிரைவரால் இரண்டு இடத்தில் தொட்டார். தொட்ட இடம் பொடிந்து விழுந்தது.

"மொத்தம் நாப்பத்தெட்டு குழா. பாதிக்கு மேல போயிட்ச்சி. யாரு மஞ்சத் தூள் போட்டது?"

"டிரைவர் ஒருத்தன்."

"அவன வேலைய உட்டுத் தூக்குங்க. இது தேறாது மொதலாளி. நடுவுல இருக்கிற கூட்ட மொத்தமா எடுத்துட்டுப் புதுசு போட்ரலாம். பத்து வருசம் கவலையில்ல. ரெண்டாயிரத்தி எரநூறு ஆவும். உங்களுக்குன்னா ரெண்டாயிரம்."

ரெண்டாயிரம். ரேணுகாவின் எட்டு நாள், கொஞ்சம் கூடவே. என் வாயில் உண்மை வந்து நின்றது. வீட்டில் உடம்பு சரியில்லை, திங்கட்கிழமை வேலூர் போயே ஆக வேண்டும், கையில் இவ்வளவுதான் இருக்கிறது என்று மூன்று வரி. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தேவை தெரிந்துவிட்டது என்றால் ரெண்டாயிரத்திலிருந்து ஒரு பைசா இறங்க மாட்டார். நான் அவர் இடத்தில் இருந்தால் இறங்க மாட்டேன்.

காது குடைந்தேன்.

"விக்கிற வண்டிக்குப் புதுசு எதுக்குப்பா? செங்கத்துக்காரன் ஒருத்தன் பாத்துட்டுப் போயிருக்கான். திங்கக்கெழம வந்து எடுத்துக்கிறான். அதுவரைக்கும் தரையில சொட்டாம இருந்தா போதும். இல்லன்னாலும் எனக்கென்ன, அப்படியே இரும்புக்குப் போடுவேன்."

அப்பாசாமியின் முகம் தெளிந்தது. அதுவரை வைத்தியர்போல் இருந்தவர் கூட்டாளிபோல் ஆனார்.

"அத மொதல்லயே சொல்லக் கூடாதா மொதலாளி. விக்கிற வண்டியா. முந்நூறு குடுங்க."

"எரநூறு."

"ஈயம் இன்னா வெல விக்கிது தெரியுமா? எரநூத்தி எழுவது."

"இன்னைக்கு உனக்கு வேற போணி ஆயிருக்கா? எரநூத்தி நாப்பது. வேணாம்னா சாக்கக் குடு, கெளம்பறேன்."

"மண்டிக்காரங்ககிட்ட வாயக் குடுத்து யாரு ஜெயிக்கிறது. வெச்சிட்டுப் போங்க. நாளைக்கு மத்தியானம் வாங்க. ஒரு சொட்டு கீழ உழாது. உழுந்தா இந்தக் கொட்டாயிக்கு வந்து என் சட்டையப் புடிங்க."

இருநூற்று நாற்பது. ரெண்டாயிரத்தை ஒரே ஒரு நாள் விலைக்கு இறக்கிவிட்டேன். வீடு திரும்புகிற வழியெல்லாம் எனக்கு என்னைப் பற்றியே பெருமையாக இருந்தது. ஆட்டோக்காரனிடம் கூட மூன்று ரூபாய் குறைத்தேன். எங்கள் மண்டியில் வெளியூர்க்காரனுக்கு ஏற்றுகிற மூட்டையின் வாயில் திரட்சியான மல்லாட்டையைப் பரப்பி, அடியில் சொத்தையைக் கொட்டி, தைத்து அனுப்பிய கை இந்தக் கை. விற்கிற சரக்குக்கு என்ன வேலை செய்வார்கள் என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு ஏனோ அது நினைவுக்கு வரவில்லை. விலையைக் குறைத்த சந்தோஷம் மண்டை முழுக்க நிறைந்திருந்தது.

ஞாயிறு மத்தியானம் ரேடியேட்டர் கருப்பு பெயிண்ட் அடித்துப் புதுப் பெண்போல் வந்தது. கூட்டத்தில் நீந்தி வீட்டுக்குக் கொண்டுவந்து நானே பூட்டினேன். ஹோஸ் இரண்டையும் வெந்நீரில் போட்டு இளக்கி மாட்டி, பட்டையை இறுக்கி, தண்ணீர் ஊற்றினேன். எட்டு லிட்டர் பிடித்தது. இருபது நிமிஷம் இஞ்சினை ஓட விட்டுக் கீழே படுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் எனக்கு முன்னால் ரேணுகா எழுந்து போய்க் குனிய முடியாமல் குனிந்து காகிதத்தைத் தடவிப் பார்த்தாள்.

"காஞ்சிருக்குங்க" என்றாள். பதினான்கு மாதத்தில் நான் செய்து பலித்த ஒரே காரியம் அதுதான்.

ஆறரைக்குக் கிளம்பினோம். எதிரில் பஸ் பஸ்ஸாக ஊருக்குள் ஜனம் போய்க்கொண்டிருந்தது. சுற்றி முடித்தவர்கள் எங்கள் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள், பஸ்ஸின் கூரையிலும் ஆள். மலையைத் தாண்டும்போது ரேணுகா வழக்கம்போல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கலசபாக்கம் வரை வண்டி பட்டுப்போல் ஓடியது. சூட்டைக் காட்டுகிற முள் எத்தனையோ வருஷம் முன்பே படுத்துவிட்டதால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முதலில் வாசனை வந்தது, மஞ்சளும் துருவும் வெந்த வாசனை. அப்புறம் பானெட் விளிம்பில் ஆவி. நிறுத்தி, துணி போட்டு மூடியைத் திறந்தேன். கொதி தண்ணீர் என் உயரத்துக்கு எழுந்தது. ஒழுகல் எங்கும் இல்லை. ஒழுகாமலே கொதித்தது.

புளியமரத்தடி டீக்கடையில் தண்ணீர் கேட்டேன். கடைக்காரர் ஜக்கை நீட்டுவதற்கு முன் என் மேல்பாக்கெட்டில் கை போனது. "தண்ணிக்கெல்லாம் எதுக்குங்க" என்றார். இரண்டு ஜக்கு. போளூர் பெட்ரோல் பங்கில் மறுபடி. அவர்கள் ஒரு வாளி கொடுத்தார்கள். போளூர் தாண்டி ஒரு செங்கல் சூளையில் மறுபடி. அங்கே வேலை செய்த பெண்கள் தகர டின்னில் கொண்டுவந்து அவர்களே ஊற்றினார்கள். இதற்குள் அப்பாசாமி வைத்த ஈயம் கொதியின் அழுத்தத்தில் விட்டுப்போய், ஊற்ற ஊற்றக் கீழே போக ஆரம்பித்தது. ஒவ்வொரு இடத்திலும் அரை மணி, முக்கால் மணி ஆறப்போட வேண்டியிருந்தது. ரேணுகா கதவைத் திறந்து காலை வெளியே நீட்டி, ரோட்டில் ஓடிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பாட்டிலில் காலையில் அளந்த அரை லிட்டர் ஒன்பது மணிக்கே தீர்ந்துவிட்டிருந்தது.

கண்ணமங்கலத்துக்கு நாலு கிலோமீட்டர் இருக்கையில் இஞ்சினுக்குள் ஏதோ அடிவாங்கியதுபோல் ஒரு சத்தம். வண்டி தானாக நின்றது. சாவியைத் திருப்பினால் ஒரு முனகல் கூட இல்லை.

மணி பதினொன்று.

ரோட்டோரம் தகரம் போட்ட ஒற்றை வீடு. வெளியே ஒரு ஆடு, இரண்டு பிளாஸ்டிக் குடம். வீட்டுக்காரியின் பெயர் காசியம்மாள். அறுபது வயது இருக்கும். நான் கேட்காமலே ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பக்கம் தண்ணீர் என்றால் மோட்டார் ஓடுகிற கிணறு வரை ஒரு மைல் நடக்க வேண்டுமாம். அன்றைக்கு அவளுக்கு இருந்தது அந்த இரண்டு குடம்தான்.

பத்து ரூபாய் நோட்டை நீட்டினேன்.

"உள்ள வையிப்பா. தண்ணிக்குத் துட்டு வாங்கிட்டு நான் எந்த ஜென்மத்துல கடன் தீக்கிறது" என்றாள். பிறகு காருக்குள் எட்டிப் பார்த்தாள். "கண்ணு, ஒதடெல்லாம் வெடிச்சிக் கெடக்குதே. ஏம்பா, வண்டிக்கு ஊத்தறியே, அந்தப் பொண்ணுக்கு ஒரு வாய் குடுத்தியா?"

ஒரு லிட்டர் பிடிக்கிற சொம்பில் மொண்டு அவளே நீட்டினாள். ரேணுகா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"ரேணு, வேணாம்."

"மிஷின் பத்து மணிக்கு. இப்ப பதினொண்ணு. இனிமே எதுக்காக நான் தாகத்தோட இருக்கணும்னு சொல்லுங்க, இருக்கறேன்."

 தடுக்கலாம் என்று கையை நீட்டினேன். எனக்கு எட்டியது அவளுடைய இடது கை. அதைப் பிடிக்கக் கூடாது. நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. முந்தானை நனைந்தது. சொம்பைத் திருப்பிக் கொடுத்து, "இன்னொண்ணு குடுங்கம்மா" என்றாள். அதையும் குடித்தாள். கடைசி வாயை உடனே விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தாள். கல்யாணமான புதிதில் கூட அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"சிஸ்டர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். "திட்டுவாங்க."

மிச்சத் தண்ணீரை வண்டியில் ஊற்றினேன். ஊற்றிய வேகத்தில் கீழே போனது.

எந்த பஸ்ஸும் நிற்கவில்லை. இரண்டு மணிக்குப் பால் வேன் ஒன்று நின்றது. மூன்றரைக்கு வேலூர் போய்ச் சேர்ந்தோம். எங்கள் இடத்தில் வேறு யாரோ படுத்து எழுந்து போயிருந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, ஐந்தரை மணி நேரம் யார் காத்திருப்பார்கள். சிஸ்டர் ரேணுகாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி எவ்ளோ குடிச்சீங்க?" என்று கேட்டார்.

"அரை லிட்டர்தான் சிஸ்டர்" என்றாள் ரேணுகா.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். ரேணுகாவும் பார்த்தாள். சொல்லியிருக்கலாம். சொன்னால் அப்போதே ஏதாவது செய்திருப்பார்கள். என்னைப் பொறுத்தவரை வாயைத் திறக்காமல் இருப்பது மூச்சு விடுவதுபோல் தானாக நடக்கும். ஒன்றும் சொல்லவில்லை.

"அப்போ நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு முதல் ஆளா போட்டுடறேன். மூச்சு வாங்கினா உடனே வந்துடுங்க" என்றார்.

எதிரில் ஒரு லாட்ஜில் தங்கினோம். விடிவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. தூக்கிக்கொண்டு ஓடினேன். மிஷினோடு இணைத்தார்கள். ஆறு மணிக்கு அந்தப் படுக்கையை வேறு ஒருவருக்காகத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வண்டியை என்ன செய்வது என்று கேட்க அப்பாசாமியிடம் போனேன். மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு, "யாருங்க மொதலாளி?" என்றார். தூரத்துச் சொந்தம் என்றேன். பஸ்ஸில் அவரையும் அழைத்துக்கொண்டு போனேன்.

வண்டி விட்ட இடத்திலேயே நின்றது. அதன் பம்பரில் காசியம்மாள் ஆட்டைக் கட்டியிருந்தாள். அப்பாசாமி பானெட்டைத் திறந்து, ஆயில் பார்க்கிற கம்பியை உருவி, முகர்ந்து பார்த்து, திரும்பச் செருகினார்.

"இஞ்சின் ஜாம். இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் ஓட்டினீங்க? செங்கத்துக்காரன் வரலியா?"

"செங்கத்துக்காரன்னு யாரும் இல்ல."

அவருக்குப் புரியவில்லை. எனக்கு அப்போதுதான் வாய் திறந்தது. சிறுநீரகம், மிஷின், திங்கள், வியாழன், பஸ்ஸில் போக முடியாத கை, எல்லாம் சொன்னேன். மொட்டை யாருக்கு என்றும் சொன்னேன். அவர் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் தழும்பு உள்ள கையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஒழுகுற குழாய ஒட்டல மொதலாளி. எல்லாத்தையும் ரெண்டு பக்கமும் ஈயம் வெச்சி அடச்சிட்டேன். நாப்பத்தெட்டுல முப்பத்தொண்ண மூடிட்டேன். நின்ன எடத்துல சொட்டாது. ஆனா பதினேழு குழாய வெச்சிக்கிட்டு இந்த வெயில்ல எந்த இஞ்சின் ஆறும்? வாங்கறவன் பாத்து, ஒரு ரவுண்டு ஓட்டி, துட்டு குடுத்துட்டுப் போற வரைக்கும் தாங்கும். அதான் விக்கிற வண்டிக்கு வேல. நீங்க கேட்டதத்தான் செஞ்சேன்."

"தெரியும்."

"ஊட்டுக்காரம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு ஒரு வார்த்த. ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் மச்சான் வண்டியில இருக்கிற ரேடியேட்டரக் கழட்டிக் குடுத்து அனுப்பிச்சிருப்பேனே. துட்டுக்கு அப்பறமா பாத்திருக்கலாமே."

சொன்னால் விலை இறங்காது என்று நினைத்திருந்தேனே தவிர, விலையே இல்லாமல் ஒன்று கிடைக்கும் என்று நான் ஒரு கணம் கூட நினைக்கவில்லை. ஐம்பது வருஷத்தில் அப்படி ஒரு பேரம் நான் கேள்விப்பட்டதில்லை.

காசியம்மாள் தலையில் குடத்தோடு வந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, இறக்கி வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்தாள்.

"வண்டியில ஆட்டக் கட்டியிருக்கேன், கோச்சிக்காதப்பா. அந்தப் பொண்ணு எப்படி இருக்குது? அன்னைக்குத் தண்ணி குடிச்சப்புறந்தான் மொகத்துல ஒரு களையே வந்திச்சி."

அப்பாசாமி என்னைப் பார்த்தார்.

"நல்லா இருக்காம்மா" என்றேன். "உங்க தண்ணியப் பத்திதான் சொல்லிக்கிட்டே இருக்கா."

"இருக்கட்டும். மவராசியா இருக்கட்டும்" என்று சொல்லி, குடத்திலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் மொண்டு கொடுத்தாள். அப்பாசாமி குடித்தார். நான் என் பங்கை ஆட்டுக்கு வைத்தேன்.

வண்டி மூவாயிரத்து ஐந்நூறுக்கு இரும்புக்குப் போனது. வந்தவன் சொன்ன விலையை நான் பேசவில்லை. அவன் பயந்துபோய், நாம் ஏதோ ஏமாந்துவிட்டோம் என்று இன்னொரு தடவை வண்டியைச் சுற்றிப் பார்த்தான். பணத்தை எங்கே எழுதுவது என்று தெரியாமல் மண்டிப் பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடைசியில் பணத்தை எழுதவில்லை. இதை எழுதினேன்:

திங்கட்கிழமை வரவு, தண்ணீர்.
கலசபாக்கம் தாண்டி டீக்கடை, இரண்டு ஜக்கு: 4 லிட்டர்.
போளூர் பெட்ரோல் பங்க், ஒரு வாளி: 12 லிட்டர்.
போளூருக்கு அப்பால் செங்கல் சூளை, ஒரு டின்: 15 லிட்டர்.
காசியம்மாள், ஒரு குடம். வண்டிக்கு 13, ரேணுகாவுக்கு 2: ஆக 15 லிட்டர்.
மொத்த வரவு: 46 லிட்டர்.
கொடுத்த விலை: இல்லை.
திருப்பிக் கொடுத்தது: இல்லை.
பாக்கி: 46 லிட்டர்.